உடல் எடையும் மகப்பேறும்

கல்லூரி விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் தம் ஆசிரியரின் பெருமையையோ தம் காலத்து விளையாட்டுப் போட்டிகளையோ பற்றியனவாக அமைதல் வழக்கம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவ் வழக்கினின்றும் சற்றே விலகியது. மகப்பேறு பற்றிய செய்திகள் பெண்டிர்க்கே உரியன, ஆடவர் அவற்றை அறியவேண்டுவதில்லை என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. திருமணமாகி இரண்டு மூன்று ஆண்டுகள் பிள்ளையின்றிக் கழிந்தால் சுற்றத்தார் கண் முதலில் மனைவியின் மேலேயே விழுகின்றது. அவள் மெலிந்தவளாயின், இந்த எலும்புக் கூட்டில் பிள்ளை எங்கே தங்கும் என்பர். பருத்தவளாயின், கொழுப்பு வந்து கருப்பையை மூடிவிட்டது என்பர். இவ்விரு பேச்சிலும் ஒரு துளி உண்மையும் ஒரு குடம் பொய்யும் கலந்திருக்கின்றன. துளியைக் குடத்தினின்றும் பிரித்தெடுக்க முடியுமா என்று பார்ப்பதே நம் நோக்கம்.

1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர் ஒல்லாந்தர் என்பதை மாணவர் வரலாற்றுப் பாடத்திலே படித்திருப்பர். அவ் வொல்லாந்தரின் தாய்நாட்டில் இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நேர்ந்த பஞ்சமே, உணவுக்கும் உடல் எடைக்கும் கருவளத்துக்குமுள்ள தொடர்பை எண்களாலே தெளிவுறக் காட்டிய சான்றுகளுள் தலையாயது. 1944 செப்ரெம்பரில், நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாகும் பொருட்டு, இலண்டனிலிருந்த ஒல்லாந்து அரசு புகைவண்டி ஊழியரை வேலைநிறுத்தஞ் செய்யுமாறு பணித்தது. அதற்குப் பழிவாங்குமுகமாக, நாட்டைக் கைப்பற்றியிருந்த செர்மானியர் மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்லாதவாறு தடுத்தனர். தடை சிறிது தளர்ந்தபோது குளிர் முந்திக்கொண்டது. கால்வாய்கள் உறைந்து படகுப் போக்குவரத்தும் நின்றது. அம்ஸ்ரடாம் நகரிலே ஒருவருக்கு ஒரு நாளைக்கென அளிக்கப்பட்ட பங்கீட்டுணவு நவம்பர் இறுதியில் 1,000 கலோரிக்குக் கீழிறங்கிற்று. பின்னர் 400 க்கும் 800 க்கும் இடையிலேயே பல மாதம் நின்றது. மக்கள் தூலிப் பூவின் கிழங்கையும் சீனிக் கிழங்கையும் அவித்துண்டனர். 20,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். 1945 மே மாதத்தில் விடுதலை வந்தது. உணவும் உடன் வந்தது.

உலகம் கண்ட பஞ்சங்கள் பல. அவற்றுள் இதனை மட்டும் ஆராய்ச்சியாளர் இத்துணை நுணுகி ஆராய்ந்ததன் காரணம், இதன் தொடக்கமும் முடிவும் திட்டமாகத் தெரியும் என்பதே. முன்னும் பின்னும் நன்றாக உண்ட ஒரு சமூகம் இடையிலே ஏறக்குறைய ஆறு மாதம் பட்டினி கிடந்தது. அந்நிலையிலும் மருத்துவச்சிகளும் மருத்துவமனைகளும் பிறப்புப் பதிவுகளை விடாது எழுதிவந்தனர். குண்டு விழும் நகரிலே, தானும் அரைவயிறாய் இருந்துகொண்டு, பிறந்த குழவியை நிறுத்து அதன் எடையைப் பிழையின்றிக் குறித்த அம் மருத்துவச்சிகளை நாம் வணங்குகின்றோம். அவர் எழுதிய ஏடுகளைக் கொண்டே ஸீனா ஸ்ரெயின், மேர்வின் சசர் என்னும் ஆராய்ச்சித் தம்பதியரும் அவருடைய துணைவரும் 1975 இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர்.

அவ்வேடுகள் கூறியது இது. பஞ்சம் கடுமையாயிருந்த மாதங்களுக்கு ஒன்பது மாதத்தின் பின் பிறப்புக்களின் தொகை ஏறத்தாழ அரைவாசியாய்க் குறைந்தது. கணவரும் மனைவியரும் பிரிந்திருந்ததனாலும் மனச்சோர்வினாலும் வந்த குறைவு ஒரு பங்கேயாகும்; பெண்டிர் பலருக்கு மாதவிடாயே நின்றுவிட்டது என்பதை மருத்துவர் குறித்துள்ளனர். உடலுழைப்பால் வாழ்ந்த குடும்பங்களிலே வீழ்ச்சி மிகுதியாயிருந்தது. கையிலே காசும் களஞ்சியத்திலே கூலமும் இருந்தோர் வீட்டிற் குறைவாயிருந்தது. உணவு வந்ததும் நிலை மாறிற்று. விடுதலைக்கு ஒன்பது மாதத்தின் பின் தொட்டில்கள் மீண்டும் நிறைந்தன. யாதோர் உறுப்பும் பழுதடையவில்லை. உடல் தானே ஒரு கதவைச் சாத்தி வைத்திருந்து, காலம் வந்தபோது தானே திறந்தது. அக் கதவைச் சாத்துவது எது?

ஒரு பிள்ளையைச் சுமந்து பெறுவதற்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ 77,000 கலோரி என உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூடி வெளியிட்ட 2004 ஆம் ஆண்டு அறிக்கை கணித்துள்ளது. நமக்கு விளங்கும் அளவிலே சொன்னால், அஃது ஏறக்குறைய 22 கிலோகிராம் அரிசியில் அடங்கிய சக்தி. பிறந்தபின் பாலூட்டுதற்கு நாள்தோறும் ஏறத்தாழ 500 கலோரி மேலும் வேண்டும். வானம் பொய்த்தால் வயல் பொய்க்கும் உலகிலே, களஞ்சியத்தைப் பாராமல் விருந்துக்கு அழைப்பவன் மதியிலி. உடலும் அவ்வாறே தன் களஞ்சியத்தைப் பார்த்த பின்னரே கருவை அழைக்கின்றது. அக் களஞ்சியம் கொழுப்பிழையம்.

இக் கருத்தை முதலில் உரத்துச் சொன்னவர் ஹாவட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் ஃபிரிஷ் என்னும் அம்மையார். பெண்ணின் உடலிலே கொழுப்பு ஏறத்தாழ 17 வீதம் ஆனாலன்றிப் பூப்பு எய்துவதில்லை, ஏறத்தாழ 22 வீதம் இருந்தாலன்றி மாதவிடாய் ஒழுங்காக நடப்பதில்லை என்று அவரும் ஜனற் மக்ஆதரும் 1974 இல் எழுதினர். பூப்பெய்தி வளர்ந்த பெண்ணொருத்தியிடம் பொதுவாகக் காணப்படும் 16 கிலோகிராம் கொழுப்பில் 144,000 கலோரி உண்டு. ஒரு கருவைச் சுமந்து மூன்று மாதம் பாலூட்ட அது போதும் என்பதும் அவர் கணக்கு. கணக்கு அழகியது, ஆயினும் முழுதும் சரியன்று. அவர் கொழுப்பை அளந்து பார்த்தவரல்லர். உயரத்தையும் எடையையும் கொண்டு சமன்பாட்டால் மதிப்பிட்டவர். அவர் கூறிய எல்லைக்குக் கீழே நின்றும் மாதவிடாய் தவறாத ஓட்டக்காரிகள் உளர். எல்லைக்கு மேலே நின்றும் அது தவறுவோர் உளர். பின்னர் 2003 இல் ஆன் லவுக்ஸ் என்பவரும் அவர் துணைவரும் நடத்திய சோதனையிலே, நல்ல உடல்நிலையுள்ள இளம் பெண்களுக்கு ஐந்தே நாள் உணவைக் குறைத்து உடற்பயிற்சியும் கொடுத்தபோது, எடை பெரிதும் குறையுமுன்னரே சூலகத்தை இயக்கும் ஓமோனின் துடிப்புக் குலைந்தது. ஆகவே உடல் களஞ்சியத்து இருப்பை மட்டும் பார்ப்பதன்று. அன்றன்று வந்து சேரும் வருவாயையும் பார்க்கின்றது.

பார்ப்பது யார், பார்த்ததை யாரிடம் சொல்வது என்ற வினாவுக்கு விடை 1994 இல் வந்தது. நியூயோர்க் நகரத்து ரொக்கஃபெலர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனும் அவர் கூட்டத்தாரும், கொழுப்புக் கலங்கள் தாமே சுரந்து குருதியிலே விடும் ஓர் ஓமோனைக் கண்டுபிடித்தனர். மெல்லியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று அதற்கு லெப்ரின் என்று பெயரிட்டனர். கொழுப்பு மிகுதியானால் லெப்ரின் மிகும். பட்டினி கிடந்தால் ஓரிரு நாளிலேயே லெப்ரின் விழும். மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் அச் செய்தியைப் பெறுகின்றது. அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணிக்கொரு முறை துடிப்புத் துடிப்பாக வெளிவரும் ஓர் ஓமோன் கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி சூலகத்தைத் தூண்ட, சூலகம் மாதந்தோறும் ஒரு முட்டையை முதிர்விக்கின்றது. களஞ்சியம் வெறிது என்ற செய்தி வந்தால் முதலாவது துடிப்பே தளர்கின்றது; பின்னுள்ளவை யாவும் வரிசையாக நின்றுவிடுகின்றன. ஒல்லாந்தில் சாத்தப்பட்ட கதவின் திறவுகோல் இங்கேதான் இருக்கின்றது.

இவ்விடத்தில் மாணவர் கவனிக்கவேண்டிய ஒரு வியப்புண்டு. பிறவியிலேயே லெப்ரின் சுரக்காத எலியினம் ஒன்று ஆய்வுகூடங்களிலே வளர்க்கப்படுகின்றது. அவ்வெலி உருண்டு திரண்டு கொழுத்திருக்கும். எனினும் குட்டி ஈனாது. களஞ்சியம் நிரம்பி வழிந்தும், செய்தி சொல்லும் தூதன் இல்லாமையால், மூளை தான் பட்டினி கிடப்பதாகவே எண்ணுகின்றது. லெப்ரினை ஊசியால் ஏற்ற, அது கருவுறுகின்றது. இக் குறை மிகச் சில மனிதக் குடும்பங்களிலும் காணப்பட்டது. அக்குறையோடு பிறந்தோர் மிகப் பருத்தும் பருவமெய்தாதிருந்தனர். மறுபுறத்தில், கடும் உடற்பயிற்சியாலோ மெலிவாலோ மாதவிடாய் நின்றிருந்த எட்டுப் பெண்களுக்கு லெப்ரினைக் கொடுத்து 2004 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மூவருக்கு முட்டை முதிர்ந்து வெளிப்பட்டது. எட்டில் மூன்று என்பது முழு வெற்றியன்று. ஆயினும் தராசு காட்டும் எண்ணினும், அவ்வெண்ணைக் குறித்து மூளைக்குச் செல்லும் செய்தியே கருவளத்தை ஆளுகின்றது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆடவர் இதற்கு விலக்கல்லர். 1944 நவம்பரில், ஒல்லாந்து பசியால் வாடத் தொடங்கிய அதே மாதத்தில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞரைக் கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார். போரிலே ஆயுதம் ஏந்த மறுத்த அவ்விளைஞர் தாமாக முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்து உடல் எடையில் நாலிலொரு பங்கை இழந்தனர். அவர்தம் காம வேட்கை அடியோடு அவிந்தது என்பது பதிவாயுள்ளது. உணவை மீண்டும் கொடுத்தபோதும் அது திரும்பி வர மாதங்கள் சென்றன. பருத்த ஆடவரின் நிலை வேறு வகையானது. கொழுப்பிழையத்திலுள்ள ஒரு நொதியம் ஆண்மை ஓமோனாகிய ரெஸ்ரொஸ்ரெரோனைப் பெண்மை ஓமோனாகிய ஈஸ்திரஜனாக மாற்றுகின்றது. கொழுப்பு மிக மிக முன்னது குறைந்து பின்னது கூடுகின்றது. விந்தணுக்களின் தொகையும் குறைதல் கூடும். பிள்ளையில்லாத தம்பதியரிற் சுமார் பாதிப்பேர் மாட்டு, தனித்தோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ, கணவரிடத்தும் ஒரு காரணம் இருக்கின்றது என்பது மருத்துவர் யாவரும் அறிந்தது. அவர் வீட்டார் அறியாதது.

இனிப் பருத்த பெண்டிரைப் பற்றிப் பார்ப்போம். கொழுப்பு கருப்பையை மூடுவது என்பது கட்டுக்கதை. உடலிலே, சிறப்பாக வயிற்றின் உட்புறத்திலே, கொழுப்பு மிகும்போது இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது குறைகின்றது. அதனை ஈடுசெய்யக் கணையம் மேலும் இன்சுலினைச் சுரக்கின்றது. அம் மிகை இன்சுலின் சூலகத்தை உசுப்பி ஆண்மை ஓமோன்களை மிகுதியாகச் சுரப்பிக்க, முட்டைகள் முதிராமல் இடைவழியில் நின்றுவிடுகின்றன. சிக்காக்கோவின் ஸ்ரெயின், லெவந்தால் என்னும் மருத்துவர் இருவர் 1935 இல் ஏழு பெண்களிடத்துக் கண்டு விவரித்த நோய்க்கூட்டம் இதனோடு நெருங்கியது. இன்று அதனைப் பன்மடி நீர்க்கட்டிச் சூலகம் என வழங்குவர். மெலிந்த பெண்டிர்க்கும் அந்நோய் வரும். எடை ஏற ஏற அது முற்றும். அந்நோயுடையார் எடையில் 5 முதல் 10 வீதம் வரை குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிப்படுதல் மீளுகின்றது என்பது நல்ல செய்தி. 80 கிலோகிராம் உடையவர் 50 ஆகவேண்டியதில்லை. 74 ஆனாற் போதும்.

ஒல்லாந்து மீண்டும் இங்கே நமக்கு ஆசிரியராகின்றது. முட்டை ஒழுங்காக வெளிப்பட்டும் பிள்ளையில்லாதிருந்த தம்பதியர் 3,000 பேருக்கு மேற்பட்டோரை அந்நாட்டார் ஆராய்ந்து 2008 இல் வெளியிட்டனர். பெண்ணின் உடற்றிணிவுச் சுட்டி 29 ஐக் கடந்தபின், ஒவ்வோர் அலகு ஏறுந்தோறும் இயல்பாகக் கருவுறும் வாய்ப்பு ஏறத்தாழ 5 வீதம் குறைந்தது. அப்படியாயின் எடையைக் குறைத்தபின்னரே சிகிச்சை என்று விதித்துவிடலாமே? பல மருத்துவர் அவ்வாறே சொல்லித் திருப்பியனுப்பினர். 2016 இல் அதே நாட்டார் அதனையும் சோதித்துப் பார்த்தனர். பருத்த பெண்டிர் 577 பேரை இரு கூறாக்கி, ஒரு சாராரை ஆறு மாதம் உணவு, பயிற்சி ஒழுங்கிலே வைத்துப் பின் சிகிச்சை அளித்தனர். மறுசாரார்க்கு உடனே சிகிச்சை அளித்தனர். இரண்டாண்டுக்குள், உரிய காலத்தில் இயல்பாகப் பிறந்த நலமிக்க குழந்தைகள் முதற் சாராரில் 27 வீதமும் மறுசாராரில் 35 வீதமுமாயின! ஆயினும், சிகிச்சையின்றித் தாமாகவே கருவுற்றோர் முதற் சாராரில் 26 வீதம். மறுசாராரில் 16 வீதமே. எடைக் குறைப்புச் சிலருக்கு மருந்தின் தேவையை நீக்கிற்று. ஆனால் எல்லாருக்கும் அதுவே வழி என்று காலங்கடத்துதல், வயதேறும் பெண்ணுக்கு இழப்பாதலுங் கூடும். பருத்தவள் என்று பழித்து வெறுங்கையோடு அனுப்பும் மருத்துவர் இவ்வெண்களை எண்ணிப் பார்ப்பது நன்று.

மேலே உடற்றிணிவுச் சுட்டி என்றோம். எடையைக் கிலோகிராமிற் கொண்டு, மீற்றரிற் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் கெற்றெலே பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்ட முறை. மேற்கூறிய அன்சல் கீஸ் 1972 இல் அதற்கு இப்போதைய பெயரை இட்டார். 152 சென்றிமீற்றர், அஃதாவது ஏறத்தாழ ஐந்தடி, உயரமுள்ள பெண் 40 கிலோகிராம் எடையினள் எனின் சுட்டி 17.3. 18.5 க்குக் கீழ் குறையெடை என்பது உலக வழக்கு. 25 க்கு மேல் மிகையெடை, 30 க்கு மேல் பருமன். ஆயின் ஆசிய மக்களுக்கு இவ்வெல்லை பொருந்தாது. நாம் மெலிந்திருக்கும்போதே வயிற்றிற் கொழுப்பைச் சேர்ப்பவர். ஆதலின் நமக்கு 23 இலும் 27.5 இலும் எச்சரிக்கை தொடங்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு 2004 இல் எடுத்துரைத்தது. ஐந்தடிப் பெண்ணுக்கு 53 கிலோகிராமே அம் முதல் எல்லை. ஆடவரும் தத்தம் கணக்கைப் போட்டுப் பார்ப்பாராக.

கருவுற்றபின் எடை எவ்வளவு ஏறவேண்டும் என்பதிலும் இரு திசையிலும் பிழை செய்கின்றோம். வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பிடு என்று பிள்ளைத்தாய்ச்சியை இரட்டிப்பாக உண்பிப்போர் ஒருபுறம். பிள்ளை பெருத்தால் பேறு கடினமாகும் என்று அஞ்சிக் கடைசி மாதங்களிலே உணவைக் குறைப்போர் மறுபுறம். முன் சொன்ன 77,000 கலோரியை ஒன்பது மாதத்துக்கும் பங்கிட்டால் நாளொன்றுக்கு 275 ஆகும்: ஒரு கோப்பைச் சோறும் அரைக் கோப்பைப் பாலும். முதல் மூன்று மாதத்தில் அவ்வளவும் வேண்டா. கடைசி மூன்றில் அதனினும் மிகுதி வேண்டும். 12.5 கிலோகிராம் ஏறிய ஒரு தாயின் எடை எங்கே போயிற்று என்று பார்த்தால், பிள்ளை 3.4, சூல்வித்தகமும் பனிக்குட நீரும் ஏறத்தாழ 1.5, கருப்பையும் மார்பும் 1.4, மிகுந்த குருதியும் இழையங்களில் தங்கிய நீரும் ஏறத்தாழ 2.8, எஞ்சிய 3.4 கிலோகிராம் தாயின் கொழுப்பு. அக்கொழுப்பு வீணன்று, அது பாலாகும். அமெரிக்க மருத்துவக் கழகம் 2009 இல் வகுத்தபடி, கருவுறுமுன் மெலிந்திருந்தவர் 12.5 முதல் 18 வரையும், அளவான எடையினர் 11.5 முதல் 16 வரையும், மிகையெடையினர் 7 முதல் 11.5 வரையும், பருமனுடையார் 5 முதல் 9 கிலோகிராம் வரையும் ஏறலாம். பருத்தவரும் ஏறவேண்டும் என்பதையே இங்குக் காண்க. கருவைச் சுமக்கும்போது மெலிய முயலுதல் தகாது.

மிகையெடையோடு கருவுறுவார்க்கு வரும் இடர்கள் பலவும் அறியப்பட்டவையே: குருதியமுக்கம் ஏறுதல், கால் நாளங்களிற் குருதி உறைதல், சத்திர சிகிச்சையாற் பிள்ளை பெறுதல், கருவிலேயே பிள்ளை இறத்தல். இவை மிகையெடையார் எல்லார்க்கும் வருவனவல்ல. வரும் வாய்ப்பு மிகுவதே உண்மை. நம்மவரிடை மிகுந்து வருவது கர்ப்ப கால நீரிழிவு. அதன் உட்கிடையை டென்மார்க்கின் பெடர்சன் என்னும் மருத்துவர் 1950 களில் விளக்கினார். தாயின் குருதியிலுள்ள குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடந்து பிள்ளைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. மிகைக் குளுக்கோசைச் சமாளிக்கப் பிள்ளையே மிகை இன்சுலினைச் சுரக்கும்; இன்சுலின் வளர்க்கும் ஓமோனாதலின் பிள்ளை பருக்கும். பிறந்து கொடி அறுந்ததும் தாயின் குளுக்கோசு நின்றுவிட, பிள்ளையின் இன்சுலின் நில்லாது. குழந்தையின் குருதியிற் குளுக்கோசு ஆபத்தான அளவுக்கு இறங்கும். எடுப்பான பிள்ளை என்று உறவினர் மகிழ்ந்துகொண்டிருக்கும் அதே மணிநேரத்தில் இது நிகழ்கின்றது.

மெலிந்த தாயின் பிள்ளை கதை வேறு. கடைசி மூன்று மாதத்திற் பஞ்சத்தில் அகப்பட்ட ஒல்லாந்துத் தாயரின் பிள்ளைகள் ஏறத்தாழ 300 கிராம் குறைவாகப் பிறந்தன. முதல் மாதங்களிற் பஞ்சத்தையும் பின்னர் நிறைந்த உணவையும் கண்ட பிள்ளைகளோ அளவான எடையோடே பிறந்தன. அவை தப்பிவிட்டன என்றே எண்ணியிருப்பர். 1976 இல், அந்நாட்டுப் படைச் சேவைக்கு அழைக்கப்பட்ட 19 வயது இளைஞர் 300,000 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, கருக்காலத்தின் முற்பாதியிற் பஞ்சங் கண்டவரிடையே பருமனுடையார் மிகுந்திருந்தனர். பிற்பாதியிற் கண்டவரிடையே குறைந்திருந்தனர். முற்பகுதியினரிடையே பிற்காலத்தில் இருதய நோயும் மிகுந்தது. வயிற்றிலே கிடந்தபோது கற்ற சிக்கனத்தை அவ்வுடல் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை.

நமக்கு இன்னும் அண்மையிலுள்ள சான்று இந்தியாவின் பூனே நகருக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களிலிருந்து வருகின்றது. 1993 இல் தொடங்கிய அவ்வாராய்ச்சியை நடத்தியவர் டொக்டர் சித்தரஞ்சன் யாக்னிக். அங்குள்ள தாயரின் சராசரி எடை ஏறத்தாழ 42 கிலோகிராம். குழந்தைகளின் சராசரி எடை 2.7. இங்கிலாந்தின் சௌதாம்ரன் நகரத்துக் குழந்தைகளோ 3.5 கிலோகிராம். பூனேக் குழந்தைகள் தசையிலும் வயிற்றுறுப்பிலும் மிகக் குறைந்திருந்தன. தோலின் கீழுள்ள கொழுப்பில் மட்டும் அத்துணை குறையவில்லை. மெலிந்த கொழுப்புப் பிள்ளை என்று அவற்றை யாக்னிக் அழைத்தார். அப்பிள்ளை வளர்ந்து, நகருக்கு வந்து, நாற்காலியில் அமர்ந்து, நன்றாக உண்ணத் தொடங்கும்போது நீரிழிவு தேடி வருகின்றது. அது பெண்ணாயிருந்து கருவுறின், முன்சொன்ன பருத்த பிள்ளையைப் பெறுகின்றாள். பாட்டியின் மெலிவும் பேத்தியின் பருமனும் ஒரே கயிற்றின் இரு முனைகள். பட்டினி என்பது நம் மக்கள் அறியாத சொல்லன்று. இவ்வாராய்ச்சியை நாம் பிறர் கதையாகப் படிக்கவியலாது.

இந்துக் கல்லூரி மலரில் விரதம் பற்றிச் சொல்லாது விடுதல் பொருந்தாது. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்னும் பழமொழியை நம் தாய்மார் நம்பிக்கையோடு சொல்வர். பிள்ளை வேண்டிக் கந்தசஷ்டி நோற்போர் பலர். நன்றாக உண்டு வளர்ந்த பெண்ணுக்கு ஆண்டில் ஆறு நாள் விரதத்தால் நிலையான கேடு யாதும் விளையாது. உணவு திரும்பியதும் உடலும் திரும்பும். ஆயின் 40 கிலோகிராம் எடையுள்ள பெண் செவ்வாயும் வெள்ளியும் நோற்று, சதுர்த்தியும் சஷ்டியும் நோற்று, மாதத்திற் பாதிநாள் ஒருபொழுதே உண்பாளாயின், அவளது பரிவகக்கீழுக்கு அது பஞ்சமாகவே தோன்றும். பால், பழத்தோடு நோற்கவும், உடல் நலங் குன்றியோர் விலகவும் நம் வழக்கில் இடமுண்டு. பிள்ளை வேண்டும் மெலிந்த பெண்ணுக்கு அவ்விடத்தை மூத்தோர் வாய்திறந்து கொடுத்தல் வேண்டும். தானாகக் கேட்க அவள் அஞ்சுவாள்.

இலங்கையில் 1926 இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல், மருத்துவமாதர் வீடு தேடி வந்து தாய்மாரைக் கவனிக்கும் நல்லொழுங்கு வளர்ந்து வந்துள்ளது. மெலிந்த தாயர்க்குத் திரிபோஷாவும், யாவர்க்கும் குருதிச் சோதனையும் கிடைக்கின்றன. ஆயினும் முதன்முறை கிளினிக்குக்குச் செல்லும்போது பெண் பெரும்பாலும் ஆறேழு வாரத்துக் கர்ப்பிணி. பிள்ளையின் மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் அடியாகும் நரம்புக் குழாயோ கருத்தரித்த 28 நாளிலேயே மூடி முடிகின்றது. பருமனுடைய தாயரின் பிள்ளைகளில் அது மூடாது போகும் வாய்ப்பு மிகுதி. போலிக்கமில மாத்திரையும் அதற்கு முன்னரே தொடங்கவேண்டும். அதனாலேயே புதுமணத் தம்பதியரை இருவராகக் கிளினிக்குக்கு அழைத்து எடை, உயரம், குருதி முதலியவற்றைப் பார்க்கும் ஒழுங்கு வகுக்கப்பட்டது. மனைவியர் செல்கின்றனர். கணவர் வேலை மிகுதி என்கின்றனர்.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் ஆறாண்டு பிள்ளையில்லை. மேலே சொன்ன விரதங்கள் யாவும் அம் மனைவி நோற்றவையே; 40 கிலோகிராம் என்பதும் அவர் எடையே. மாமியாரும் அயலாரும் சொன்னவற்றை இங்கு எழுதவேண்டுவதில்லை. கணவர் நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். 165 சென்றிமீற்றர் உயரம். ஒருநாள் நம் வற்புறுத்தலால் இருவரும் போய்த் தராசில் ஏறினர். அவர் எடை 92 கிலோகிராம். அந்த ஆறாண்டிலும் அவரை எவரும் ஒருமுறையேனும் நிறுத்துப் பார்த்ததில்லை. பின்னர் பிள்ளை பிறந்ததா என்று வாசகர் கேட்பர். இரண்டாண்டு கழித்து, மனைவி 46 ஆகவும் கணவர் 83 ஆகவும் வந்தபின், பிறந்தது. எடையினாலேதான் பிறந்தது என்று நாம் சத்தியஞ் செய்யமாட்டோம், சிகிச்சையும் நடந்தது. பெண் குழந்தை, 2.9 கிலோகிராம்.